மஷாவின் கைத்தட்டு

சட்டியின் ஏழு குழியிலும் மாவு விழுந்த பிறகுதான் மஷாவு நிமிர்ந்து பார்ப்பாள். அதற்கு முன்னால் மாவட்ட அதிகாரியே வந்து நின்றாலும் அவள் கண்ணுக்குத் தெரியாது. ஓரத்துக் குழியில் தொடங்கி வலமாகச் சுற்றி, கடைசியில் நடுக்குழி. திருப்புவதும் அதே வரிசை, எடுப்பதும் அதே வரிசை. அரிசியும் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்து அரைத்துச் சுடும் விட்டும்புவா, அவள் சட்டியில் ஒன்றுகூடத் தன் முறை தாண்டி வெளியே வந்ததில்லை. "அந்த மூணாவதக் கொடேன், நல்லா செவந்திருக்கு" என்று யாராவது கை நீட்டினால், "அது மூணாவதா வரும். நீங்க எத்தனையாவது ஆளு?" என்பாள்.

மஷாவு என்றால் எங்கள் பேச்சில் கன்னங்கள். பெயர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஸஃபூரா என்று இன்னொரு பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிறது. நானே தேடிப் பார்த்தேன். எங்கள் ஆற்றங்கரை ஊரான பங்கானியில் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் உங்களை ஆற்றுக்கு அக்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். நானும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் படித்துக்கொண்டே போய் டீச்சரானேன். அவள் ஏழாம் வகுப்போடு சட்டியைக் கையில் எடுத்தாள். அதனால் என்னை "டீச்சர்" என்று அவள் கூப்பிடும்போது அதில் மரியாதை கொஞ்சமும் கேலி நிறையவும் இருக்கும்.

மாலையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் கையிலிருக்கும் சுற்றை முடித்து, கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு குத்துக்கல்லில் உட்காருவாள். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவுக்கு அவள் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் கொஞ்சம், எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம். முழங்கையில் காய்ந்துபோன மாவை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுப்பாள். "மாவு ஒட்டியிருந்தா தண்ணி தோல்ல படாது. தோல்ல படலன்னா ஒளு இல்ல, ஒளு இல்லன்னா தொழுகையும் இல்ல. நீ எங்க, உன் வெரலக் காட்டு. சாக்பீஸு அப்படியே இருக்கு பாரு, போ, போய்க் கழுவு." ஐம்பத்து நான்கு வயதில் என் விரல்களை ஒருவர் சோதனை போடுகிறார் என்றால் அது அவள் மட்டும்தான்.

எங்கள் சந்தின் பள்ளிவாசல் சிறியது. முன்னால் ஆண்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை, பின்னால் எட்டுப் பத்துப் பெண்கள். இடது ஓரத்தில் தூணை ஒட்டி மஷாவு. அவளுக்கு வலப்பக்கம் நான். தொழவைக்கிறவர் மாலிம் ஃபக்கி. பகலில் அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஊரிலுள்ள கடிகாரம் எல்லாம் அவர் புண்ணியத்தில் சரியாக ஓடுகிறது. ஆனால் ஓதத் தொடங்கிவிட்டால் எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறோம் என்பது அவருக்கே அடிக்கடி மறந்துவிடும். அவ்வளவு இனிமையாக ஓதுகிறவர் எண்ணவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசைதான்.

இமாம் தவறினால் பின்னால் நிற்கும் ஆண்கள் "ஸுப்ஹானல்லாஹ்" என்று சொல்லி உணர்த்த வேண்டும். பெண்கள் வாய் திறக்காமல், வலது உள்ளங்கையால் இடது கையின் புறத்தில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எங்கள் பள்ளியில் ஆண்கள் வரிசையில் நாற்பது பேர் நிற்பார்கள். நாற்பது பேரும் தான்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்து மாலிம் பின்னாலேயே போய்விடுவார்கள். மஷாவுக்கு அந்தச் சந்தேகம் வந்ததே கிடையாது. நிற்பது, குனிவது, நெற்றியை இரண்டு முறை தரையில் வைப்பது என்ற சுற்று முடிந்தால் ஒரு ரக்அத். நாற்பது வருடமாகச் சுற்று எண்ணிச் சட்டி இறக்குகிறவளுக்கு மூன்றும் நாலும் ஒரு கணக்கா? திரை மறைத்தாலும், ஒவ்வோர் அசைவுக்கும் இமாம் 'அல்லாஹு அக்பர்' என்று சொல்லும் தக்பீரே அவள் காதுக்குப் போதும். "மாலிம் உக்காரப் போறப்ப தக்பீர இழுத்துச் சொல்வாரு. எந்திரிக்கறப்ப கட்டையா முடிச்சிடுவாரு. அத வெச்சே சொல்லிடலாம்." உட்கார வேண்டிய இடத்தில் கட்டைத் தக்பீர் கேட்டால் மறுகணம் தூணோரத்திலிருந்து 'பட்' என்று ஒரு சத்தம் வரும். மாலிம் முழங்கால் சொடுக்கத் திரும்ப உட்காருவார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் ரக்அத் எண்ணுவதை விட்டே பல வருடமாகிறது. பக்கத்தில் அவள் இருக்கிறாள் என்ற தைரியம்தான்.

அவளுக்கு அரபு தெரியாது. ஆனால் எந்த இடத்தில் என்ன சொல்கிறோம் என்பதை ஒவ்வொன்றாக மாலிமிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள், ஒரு நாளைக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு இரண்டு விட்டும்புவா. கடைசி இருப்பில் "எங்கள் மீதும், நல்லடியார்கள் எல்லார் மீதும் ஸலாம் உண்டாகட்டும்" என்று வருகிறதல்லவா, அதில் அவளுக்கு அலாதி சந்தோஷம். "எல்லாருன்னா எல்லாரும்தானே டீச்சர்? ஃபெரி ஓட்டறவன், அந்தக் கஞ்சப்பய மீன்காரன், செத்துப்போன எங்கம்மா, எல்லாருக்கும் ஒரே வரியில போய்ச் சேந்துடுது. இதவிட லேசான வேல எதுனா இருக்கா?"

அவசரமாகத் தொழுகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்கு ஆகாது. "கோழி கொத்தற மாதிரி நெத்திய வெச்சு வெச்சு எடுத்தா அது என்ன தொழுகை? குனிஞ்சா எலும்பெல்லாம் அததோட எடத்துல போய் உக்காரணும். வேகறதுக்குள்ள திருப்பினா மாவு ஒழுகாதா?"

அவள் ஸலாம் கொடுப்பதையும் சொல்லியாக வேண்டும். தொழுகை முடியும்போது வலப்பக்கமும் இடப்பக்கமும் முகத்தைத் திருப்பி ஸலாம் சொல்வோம். நாங்களெல்லாம் தோளைப் பார்த்துச் சொல்லி முடித்துவிடுவோம். மஷாவு என் முகத்தை நேராகப் பார்த்து, கன்னம் விரியச் சொல்வாள். இடப்பக்கம் வெறும் தூண்தான். தூணுக்கும் அதே முகம்தான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "தக்பீர் கட்டினா ஊருக்குப் போயாச்சு. வீடு, அடுப்பு, நீ, யாரும் கெடையாது. ஸலாம் குடுக்கறப்பதான் திரும்பி வர்றோம். ஊருக்குப் போயிட்டு வந்தவ அக்கம்பக்கத்த மொகம் பாத்து விசாரிக்க மாட்டாளா?" தூணில் யார் இருக்கிறார்கள் என்றேன். "மலக்கு இருக்காரு, வானவரு. உன் கண்ணுக்குத் தெரியல, அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

இப்படிப்பட்டவளைத்தான் ஒரு கொசு கவிழ்த்தது.

பெருமழை ஓய்ந்த வாரம் அது. ஆற்றங்கரைத் தோப்பிலிருந்து கொசுக்கள், பாங்கு கேட்டுக் கிளம்பியதைப் போல, சரியாக மஃரிபு என்னும் அந்தித் தொழுகை நேரத்துக்கு வந்துவிடும். மஃரிபு மூன்று ரக்அத். அன்று மாலிம் ஒரு தவறும் செய்யவில்லை. மூன்றும் முடிந்து எல்லோரும் கடைசி இருப்பில் உட்கார்ந்துவிட்டோம். இடக்கை முழங்காலில் விரிந்து கிடக்க, வலக்கையின் சுட்டுவிரலை மட்டும் நீட்டி, வணங்கத்தக்கவன் ஒருவன்தான் என்று சாட்சி சொல்லும் நேரம். மஷாவின் இடக்கைப் புறத்தில் ஒரு தடித்த கொசு வந்து உட்கார்ந்தது. நீட்டியிருந்த விரல் உள்ளங்கையாக விரிந்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

பட்.

திரைக்கு அந்தப் பக்கம் மாலிமின் தலைக்குள் என்ன ஓடியது என்பதைப் பிறகு அவரே சொன்னார். "மஷாவு தட்டினா தப்பு என்மேலதான், அதுல பேச்சே இல்ல. ரெண்டா மூணான்னு சந்தேகம் வந்துடுச்சு. சந்தேகம் வந்தா கம்மியத்தானே எடுத்துக்கணும்? ரெண்டுன்னு எடுத்துக்கிட்டேன். எந்திரிச்சிட்டேன்."

மாலிம் எழுந்தார். அவரோடு நாற்பது ஆண்களும் எழுந்தார்கள்; தட்டு அவர்களுக்கும்தானே கேட்டது! பின்னால் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்தபடியே இருந்தோம். மஷாவின் கை அந்தரத்தில் நின்றது. இன்னொரு தட்டுத் தட்டினால் அவர் அதற்கு என்ன செய்து வைப்பாரோ என்று பயந்து மெல்ல இறக்கிக்கொண்டாள். அவள் கன்னங்கள் இரண்டும் நடுங்கின. சிரித்தால் தொழுகை முறிந்துவிடும் என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் அந்த மஃரிபைத் திரும்பவும் தொழுதேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மாலிம் நாலாவதையும் முடித்து, மறதிக்காக நெற்றியைத் தரையில் வைக்கும் இரண்டு ஸஜ்தாவும் செய்து ஸலாம் கொடுத்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து மஷாவின் குரல் வந்தது. "மாலிம், மன்னிச்சுக்கோங்க. அது நீங்க இல்ல, கொசு."

ஊருக்கு வேறென்ன வேண்டும்? மஃரிபை நாலு ரக்அத் தொழுத ஒரே சந்து என்று மறுநாளே பெயராகிவிட்டது. ஃபெரியிலிருந்து இறங்குகிறவர்கள், பெண்களுக்கான மரியாதைச் சொல்லான 'பி' சேர்த்து, "பி மஷாவு, சட்டியில எட்டாவது குழி எப்போ?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அவளும் முதல் இரண்டு நாள் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு நின்றது மக்காமே வாயைத் திறந்த பிறகுதான்.

மக்காமே பள்ளிவாசல் காரியதரிசி. சிமெண்டுக் கடைக்காரர், அதனால் சுவர் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். தொழும்போது சரியாக இமாமுக்குப் பின்னால் நிற்பார். இமாம் தவறினால் முதலில் சொல்ல வேண்டிய இடம் அது. அவர் அங்கே நின்றுகொண்டு கூரை ஓட்டுக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்று யோசிப்பார் என்பது என் அபிப்பிராயம். வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சொன்னார். "இந்தத் திரை இருக்கற வரைக்கும் கொசுதான் நமக்கு இமாம். செங்கல் வெச்சு நல்ல சுவரா எழுப்பிடுவோம். பொம்பளைங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் வெச்சுக் குடுத்துடலாம். கேட்டுக்கிட்டுத் தொழட்டும்."

கேட்டுக்கொண்டு தொழலாம்தான். அவர்கள் குரல் எங்களுக்கு வரும், எங்கள் கை அவர்களுக்குப் போகாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் திரையைக் கிழித்துக்கொண்டு முன்னால் போயிருப்பேன். மஷாவு என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். முன்னாலிருந்த ஆண்கள் தலையாட்டிவிட்டார்கள். மறு வாரம் கிணற்றடியில் செங்கல் வந்து இறங்கியது. அடுத்த சனிக்கிழமை கொத்தனார் வருவதாக ஏற்பாடு.

மஷாவு தட்டுவதையே விட்டுவிட்டாள். "இனிமே இந்தக் கை மாவுக்கு மட்டும்தான்" என்றாள். மாலிம் கடைக்கு வந்து நின்று, "என்னம்மா, கை வலியா?" என்று கேட்டார்.

"கை நல்லாதான் இருக்கு மாலிம். கைக்கு நாணயம்தான் போயிடுச்சு."

"மறதிக்குன்னே அல்லாஹ் ரெண்டு ஸஜ்தா வெச்சிருக்கான். நான் அத எத்தன தடவ செஞ்சிருப்பேன், உனக்கே தெரியும். ஒரு தடவையாவது இனிமே தொழவைக்க மாட்டேன்னு சொன்னேனா?"

"நீங்க மறந்தீங்க. நான் தொழுகையில உக்காந்துக்கிட்டு கொசு அடிச்சேன். ரெண்டும் ஒண்ணா?"

மாலிம் இரண்டு விட்டும்புவாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று அவள் நடுக்குழியை முதலில் திருப்பினாள். நாற்பது வருடத்தில் நான் பார்த்திராத காட்சி.

வியாழக்கிழமை மாலிம் அக்கரையில் ஒரு சுவர்க்கடிகாரம் பார்க்கப் போயிருந்தார். சாயங்காலம் ஃபெரி எஞ்சின் நடு ஆற்றில் நின்றுவிட்டது. பாங்கு சொல்லியாயிற்று, மாலிமைக் காணோம். இக்கரையில் காத்துக் கிடந்த பயணிகளும் உள்ளே வந்து பள்ளி நிரம்பி வழிந்தது. "நீங்களே முன்னால போங்க" என்று மக்காமேயைத் தள்ளினார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய் நின்றார். சும்மா சொல்லக் கூடாது, குரல் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு ரக்அத் சத்தமாக ஓதி, இடையில் உட்கார்ந்து எழுந்து, மூன்றாவதையும் சரியாகவே கொண்டுவந்தார். மூன்றாவதின் கடைசி ஸஜ்தாவிலிருந்து எழும்போது வந்தது தக்பீர். கட்டைத் தக்பீர்.

உட்கார வேண்டியவர் நேராக எழுந்து நின்றுவிட்டார். எந்தக் கொசுவும் இல்லாமல், யாரும் தட்டாமல், மஃரிபின் நாலாவது ரக்அத்துக்கு! அவருக்குப் பின்னால் ஐம்பது பேர் எழுந்து நிற்கும் சத்தமும் கேட்டது. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் இல்லை.

நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். விடுடி, நிக்கட்டும் என்று நினைத்தேன். ஊர்க்காரர், வெளியூர்க்காரர் அத்தனை பேர் முன்னால் அவரும் நாலு தொழட்டும். நாளை மறுநாள் வரும் கொத்தனாரை எந்த முகத்தோடு வரவேற்கிறார் என்று பார்ப்போம். தொழுகைக்குள் இருந்துகொண்டு இப்படி நினைத்ததற்கு அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் நினைத்தேன், இனிப்பாகவும் இருந்தது.

மஷாவு உட்கார்ந்த இடத்தில் அசையவில்லை. இரண்டு கைகளும் முழங்காலில் இருந்தன. அவள் ஒரு மூச்சு இழுத்து விட்டது எனக்குக் கேட்டது. பிறகு வலக்கை எழும்பியது.

பட்.

முன்னால் சத்தமே இல்லை. மக்காமே யோசிக்கிறார் என்று தெரிந்தது. கொசுவாக இருந்தால்? அவர் நகரவில்லை.

பட். இந்தத் தடவை கொஞ்சம் பலமாக.

அப்போதும் அவர் அப்படியே நின்றார். மூன்றாவதை மஷாவு தட்டியபோது தூண் அதிர்ந்ததாக எனக்குத் தோன்றியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஆண்கள் வரிசையின் கோடியிலிருந்து ஒரு மெலிந்த குரல், "ஸுப்ஹானல்லாஹ்" என்றது. எங்கள் பள்ளியில் இமாமைத் திருத்த ஓர் ஆண் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைத் தொடர்ந்து இன்னொன்று. பிறகு ஏழெட்டுக் குரல் ஒன்றாக. மக்காமே உட்கார்ந்தார். அவரோடு ஐம்பது பேரும் உட்கார்ந்தார்கள். கடைசி இருப்பை ஓதி, மறதிக்கான இரண்டு ஸஜ்தாவும் செய்து, ஸலாம் கொடுத்தோம். மஷாவு என் பக்கம் திரும்பியபோது அவள் கண் கலங்கியிருந்தது, கன்னம் மட்டும் பழையபடி விரிந்திருந்தது. என் கண்ணும் சரியில்லை.

முன்னால் யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் மக்காமேயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"பி மஷாவு."

"சொல்லுங்கண்ணே."

"அது கொசுவா, நானா?"

"கொசுவா இருந்தா ஒரு தட்டோட முடிஞ்சிருக்கும் அண்ணே. மூணு தட்டு வாங்கினது நீங்கதான்."

முதலில் சிரித்தது மக்காமேதான் என்பதை அவர் கணக்கில் எழுதியாக வேண்டும். பெரிய வயிற்றிலிருந்து வரும் சிரிப்பு அது. அதன்பிறகு பள்ளி முழுவதும் சிரித்தது, என்ன நடந்தது என்று புரியாத வெளியூர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்து எப்படியோ இக்கரை வந்து சேர்ந்த மாலிம் ஃபக்கி, முழங்கால்வரை ஈரத்தோடு வாசலில் நின்று, "என்னாச்சு? எத்தன தொழுதீங்க?" என்று கேட்டார். "மூணு, மாலிம்! மூணேதான்!" என்று ஐம்பது பேரும் கத்தினார்கள். இத்தனை வருடமும் திறக்காத வாய்கள் எல்லாம் அன்று ஒரேயடியாகத் திறந்துகொண்டன.

சனிக்கிழமை கொத்தனார் வந்தார். வந்த செங்கல்லை வீணாக்குவானேன் என்று மக்காமே அவரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போய், ஒளு செய்ய உட்காருவதற்கு ஆறு மேடை கட்டச் சொன்னார். பெண்கள் பக்கம் மூன்று, ஆண்கள் பக்கம் மூன்று. சிமெண்டுப் பூச்சு மழமழவென்று வந்திருக்கிறது. பச்சைத் திரை இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதைத் துவைத்து மாட்டியது நான். மாலிம் இப்போதும் மறக்கிறார். மஷாவு தட்டுகிறாள், அவர் உட்காருகிறார். ஆண்கள் பக்கமிருந்தும் சில சமயம் குரல் வருகிறது, பெரும்பாலும் தட்டு விழுந்த பிறகு. சட்டியில் நடுக்குழி மறுபடி ஏழாவதாகத் திரும்புகிறது.

இந்த வருடப் பெருமழையும் ஓய்ந்துவிட்டது. முந்தாநாள் மஃரிபில் கடைசி இருப்பில் உட்கார்ந்திருந்தோம். காதோரம் ஒரு ரீங்காரம் கேட்டது. என்னைச் சுற்றி வந்தது, பிறகு அவள் பக்கம் போனது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். முழங்காலில் விரிந்து கிடந்த அவளுடைய இடக்கையின் புறத்தில், சரியாகத் தட்டு விழுகிற இடத்தில், கொசு உட்கார்ந்தது. மஷாவின் வலக்கைச் சுட்டுவிரல் நீட்டியது நீட்டியபடியே இருந்தது. கொசு அவசரமில்லாமல், வயிறு சிவந்து உருண்டு வரும்வரை குடித்துவிட்டுப் பறந்துபோனது. பிறகு மாலிம் ஸலாம் கொடுத்தார். அவள் வலப்பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்து, கன்னம் விரிய ஸலாம் சொன்னாள். இடப்பக்கம் திரும்பித் தூணுக்கும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கையைச் சொறிந்தாள்.